இரையும் இறையும்



ஆங்கிலம் கற்பிக்கும் நான் ஆங்கிலத்தைப் பற்றித் தமிழில் எழுத முன்வந்திருக்கிறேன். அதற்குக் காரணம் உண்டு. இந்த ஆண்டு மலர் நம் மாணவிகளின் கைகளோடு நின்றுவிடுவதில்லை. எஸ்டேட் வீடுகளுக்கும் அது போகிறது. நாளெல்லாம் கொழுந்து பறித்துவிட்டு வந்து, அடுப்படியில் அமர்ந்து, மகள் படிக்கக் கேட்கும் தாய்மார்களையும் சென்றடைகிறது. நான் சொல்ல விரும்புவது அவர்களுக்கும் உரியது.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஏழாம் வகுப்பில், 'என் தாய்' என்னும் தலைப்பில் ஐந்து வாக்கியங்கள் ஆங்கிலத்தில் எழுதச் சொன்னேன். ஒரு சிறுமி எழுதிய ஐந்தாவது வாக்கியம் இது: 'மை மதர் வெயிட்ஸ் ஃபார் த வெயிட்.' என் தாய் எடைக்காகக் காத்திருக்கிறாள் என்பது அவள் சொல்ல வந்த பொருள். ஆனால் இரண்டு 'வெயிட்'டையும் அவள் ஒரே மாதிரி, டபிள்யூ–ஏ–ஐ–டீ என்றே எழுதியிருந்தாள். முதலாவது சரி. இரண்டாவது, எடையைக் குறிக்க வேண்டிய சொல், டபிள்யூ–ஈ–ஐ–ஜி–எச்–டீ என்று இருந்திருக்க வேண்டும்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்த வாக்கியத்தை உரக்கப் படித்து, 'காத்திருப்பதற்காகக் காத்திருக்கிறாளாம் இவள் அம்மா!' என்று தமிழாக்கமும் செய்தேன். வகுப்பு முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். அவள் மட்டும் சிரிக்கவில்லை. அதன் பிறகு அந்தப் பருவம் முழுவதும் ஆங்கில வகுப்பில் அவள் கை உயரவே இல்லை.

பிறகு ஒரு நாள் மாலை, தேயிலைத் தோட்டத்தின் வழியே நடந்து வரும்போது, இலை எடை போடும் இடத்தில் பெண்கள் வரிசையாக நிற்பதைக் கண்டேன். தூறல் விழுந்துகொண்டிருந்தது. தராசில் மூட்டை ஏறுவதையும், கணக்கில் எடை எழுதப்படுவதையும் பார்த்தபடி அவர்கள் நின்றார்கள். நிர்ணயித்த அளவுக்கு மேல் எத்தனை கிலோ வருகிறதோ, அதைப் பொறுத்துத்தான் கூடுதல் கூலி. அவர்கள் எடைக்காகக் காத்திருந்தார்கள்! அந்தச் சிறுமி எழுதியதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. ஏழாம் வகுப்புக் கட்டுரைகளில் நான் படித்த வாக்கியங்களுள் அதுவே மிகவும் உண்மையானது. மறுநாள் அதைக் கரும்பலகையில் திருத்தி எழுதி, வகுப்பின் முன்னிலையில் அதைச் சொன்னேன். ஆனால் ஒரு பருவம் தாமதமாகச் சொன்னேன்.

அன்று முதல் எனக்கு ஓர் உறுதியான கருத்து உண்டு. ஒலி ஒன்றாகவும் எழுத்து வேறாகவும் உள்ள சொற்களில் பிழை வருவது மந்த புத்தியினால் அன்று. காதால் கூர்ந்து கேட்டு, கேட்டதை அப்படியே எழுதும் பிள்ளைக்குத்தான் அந்தப் பிழை வருகிறது. அதைத் திருத்தும் மருந்து சிரிப்பன்று; நீண்ட பட்டியலை மனப்பாடம் செய்வதும் அன்று. 'இங்கே இதற்கு என்ன பொருள்?' என்னும் ஒரே ஒரு கேள்விதான்.

இத்தகைய சொற்களை ஆங்கிலத்தில் 'ஹோமோஃபோன்' என்பார்கள். 'ஒரே குரல்' என்று பொருள்படும் கிரேக்க வேர்களிலிருந்து வந்த பெயர் அது. பெயர் புதிதாக இருந்தாலும் இந்தத் தொல்லை நமக்குப் புதிதன்று. நம் ஊரின் பெயரையே எடுத்துக்கொள்வோம். எனக்கு வந்த ஒரு கடிதத்தின் உறையில் 'வாள்பாரை' என்று முகவரி எழுதப்பட்டிருந்தது. வால் என்பது விலங்கின் வால். வாள் என்பது போர் வாள். பாறை என்பது கல். பாரை என்பதோ கடப்பாரை. பாரை என்று கடல் மீன் ஒன்றும் உண்டு. அமைதியான நம் மலையூர் அந்த உறையின் மேல் ஆயுதக் கிடங்காகிவிட்டது! தபால்காரர் பொருளறிந்தவர்; ஆகையால் கடிதம் வந்து சேர்ந்தது.

தமிழ் இலக்கணம் இவற்றை மயங்கொலி எழுத்துகள் என்று சொல்லித் தருகிறது. ண, ன, ந மூன்று, ல, ள, ழ மூன்று, ர, ற இரண்டு, ஆக எட்டு. கடையில் கரி வாங்குவதா, கறி வாங்குவதா என்பதும், அரைப் பங்கா, அறைக் கதவா என்பதும் இவற்றால் வரும் மயக்கங்களே.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தமிழில் இந்த எட்டு எழுத்துகளுக்கும் ஒலி ஒன்றென்று நினைத்துவிடக் கூடாது. ஒலிகள் நெருக்கமானவை, ஒன்றல்ல. நாவை மடித்தால் 'ழ', வருடினால் 'ள', பல்லின் பின்புறம் ஒற்றினால் 'ல'. 'ர'வுக்கும் 'ற'வுக்கும் உள்ள வேறுபாடு நம் பக்கத்துப் பேச்சில் பெரும்பாலும் மறைந்துவிட்டது. ஐயமிருந்தால் வகுப்பில் மலையாளம் பேசும் தோழியிடம் கேட்டுப் பாருங்கள். அவர்களுடைய பேச்சில் அந்த இரண்டும் இன்றும் தனித்தனியே ஒலிக்கின்றன. ஆகவே தமிழில் நா திருந்தினால் எழுத்தும் ஓரளவு திருந்தும்.

ஆங்கிலத்தில் அந்த வழி அடைபட்டிருக்கிறது. காத்திருக்கும் 'வெயிட்'டையும் எடை 'வெயிட்'டையும் லண்டன் மாநகரில் பிறந்து வளர்ந்தவர் சொன்னாலும் ஒலி ஒன்றுதான். எத்தனை முறை உரக்கச் சொன்னாலும் காது உதவப் போவதில்லை. கண்ணும் கருத்தும்தான் உதவ வேண்டும். இந்த வேறுபாட்டை நாம் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை. 'சரியாக உச்சரி, சரியாக எழுதுவாய்' என்று இரண்டு மொழிகளுக்கும் ஒரே மருந்தைக் கொடுக்கிறோம்.

இவற்றுக்கு நடுவே மூன்றாவது வகை ஒன்றும் உண்டு. ஆங்கிலேயர் வேறு வேறாக ஒலிக்கும் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதி நாமே ஒன்றாக்கிவிடுகிறோம். முதுகுக்கும் பேக், பைக்கும் பேக், மூட்டை கட்டுவதற்கும் பேக்! மேற்குத் திசையும் வெஸ்ட். உள்ளே அணியும் சட்டையும் வெஸ்ட். ஆங்கிலப் பாடத்தின் வரிகளுக்கு மேலே பென்சிலால் தமிழில் உச்சரிப்பு எழுதிக்கொள்ளும் மாணவிகளுக்கு என் வேண்டுகோள் இது: இல்லாத மயக்கத்தை நீங்களே உண்டாக்கிக்கொள்ளாதீர்கள். இந்த வகைக்கு நாவைத் திருத்துவதே மருந்து. உண்மையான ஒத்த ஒலிச் சொற்களுக்கு மட்டுமே பொருள் என்னும் மருந்து.

'ஒரே ஒலிக்கு ஏன் இரண்டு எழுத்து முறை வைத்தார்கள்? நம்மை வதைப்பதற்கா?' என்று சில மாணவிகள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். உண்மையில் அந்தச் சொற்களுட் பல முன்பு வேறு வேறாகவே ஒலித்தன. எடையைக் குறிக்கும் சொல்லின் நடுவில் ஊமையாக உட்கார்ந்திருக்கும் ஜி–எச் ஒரு காலத்தில் தொண்டையிலிருந்து ஒலித்தது. போர்வீரனைக் குறிக்கும் 'நைட்' என்னும் சொல்லின் முன்னே நிற்கும் கே எழுத்தும் ஒலித்தது. ஆகவே இரவைக் குறிக்கும் 'நைட்'டோடு அது மயங்கவில்லை. வில்லியம் காக்ஸ்டன் 1476ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் முதல் அச்சகத்தை நிறுவினார். அதற்குப் பிந்திய நூற்றாண்டுகளில் அச்சுப் புத்தகங்களால் எழுத்து முறை மெல்ல மெல்ல உறைந்துபோயிற்று. மக்களின் நாக்கோ மாறிக்கொண்டே சென்றது. பேச்சு ஓடிவிட்டது, எழுத்து நின்றுவிட்டது. நாம் பிழை என்று திணறும் இடமெல்லாம் பழைய ஒலியின் சமாதிகளே.

நம் மலைக்குச் சோறு போடும் தேயிலையிலேயே இந்த வரலாறு இருக்கிறது. டீ–ஈ–ஏ என்று எழுதும் சொல்லை இன்று ஆங்கிலேயர் 'டீ' என்கிறார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதை 'டே' என்றும் சொன்னார்கள். கவிஞர் அலெக்ஸாண்டர் போப் அச்சொல்லைக் கீழ்ப்படிதலைக் குறிக்கும் 'ஒபே'யோடு இயைபாகச் சேர்த்துப் பாடியிருக்கிறார். சீனத்தின் தென்கிழக்குக் கரையில் அதன் பெயர் 'தே'. தே இலை என்பதே நம் தேயிலை. ஆங்கிலேயர் நாவில் மாறிவிட்ட ஒலியை நம் தாய்மார்களின் நா இன்றும் காத்து வருகிறது என்பது நாம் பெருமைப்பட வேண்டிய செய்தியன்றோ!

சமையலறையிலும் ஒரு கதை உண்டு. மாவுக்கும் பூவுக்கும் ஆங்கிலத்தில் ஒலி ஒன்றே: 'ஃப்ளவர்.' இவை இரண்டும் தொடக்கத்தில் ஒரே சொல். கோதுமையில் மிக மென்மையான, சிறந்த பகுதியைக் கோதுமையின் பூ என்றார்கள். டாக்டர் ஜான்சன் 1755இல் வெளியிட்ட புகழ்பெற்ற அகராதியிலும் இரண்டும் பிரிக்கப்படவில்லை. பிறகுதான் மாவு தனி எழுத்தைப் பெற்றது. பெரிய அகராதி ஆசிரியரே பிரிக்காத சொற்களைப் பத்து வயதுப் பெண் குழப்பிக்கொண்டால், அவளை மூடப் பெண் என்று சொல்லும் உரிமை யாருக்கு உண்டு?

அதற்காக, 'பிழையைப் பொருட்படுத்த வேண்டாம். பொருள் எப்படியும் விளங்கிவிடும்' என்று சொல்வோரோடும் நான் உடன்படவில்லை. எப்போதும் விளங்கிவிடாது. 1989ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் நாள், சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூருக்குச் சென்ற ஃப்ளையிங் டைகர் நிறுவனத்தின் சரக்கு விமானம் ஒன்று தரையிறங்க ஆயத்தமாயிற்று. 2,400 அடி உயரத்துக்கு இறங்கும்படி தரையிலிருந்து கட்டளை வந்தது. ஆனால் எண் முழுமையாகச் சொல்லப்படவில்லை. 'டூ, ஃபோர், ஸீரோ, ஸீரோ' என்று இலக்கம் இலக்கமாகச் சொல்லப்பட்டது. முதலில் வந்த 'டூ' இரண்டு என்னும் எண். விமானிகளோ அதை 'வரை' என்று பொருள்படும் 'டூ'வாகக் கொண்டு, 400 அடி வரை இறங்கச் சொன்னதாக எண்ணினார்கள். விமானம் ஒரு குன்றின் மேல் மோதியது. அதில் இருந்த 4 பேரும் உயிரிழந்தனர். வேறு தவறுகளும் அதில் சேர்ந்திருந்தன என்பது உண்மையே. ஆனால் 'இரண்டாயிரத்து நானூறு' என்று முழுமையாகச் சொல்லியிருந்தால் அந்த மயக்கத்துக்கு இடமே இருந்திராது. எழுத்தில் இரண்டு 'டூ'வுக்கும் நடுவே ஒரு டபிள்யூ நிற்கிறது. பேச்சில் அந்தக் காவலன் இல்லை.

ஆகவே இந்தச் சொற்களைக் கற்றே தீர வேண்டும். எப்படிக் கற்பது என்பதில்தான் என் வாதம்.

முதலாவதாக, ஆசிரியைகளாகிய நமக்கு. தனிச் சொல்லை டிக்டேஷன் கொடுப்பதை விட்டுவிடுவோம். 'வெயிட்' என்று மட்டும் சொல்லி எழுதச் சொன்னால் அது தேர்வன்று, சீட்டுக் குலுக்கல். வாக்கியமாகச் சொல்லுவோம். எழுதுவதற்கு முன் அதன் பொருளைப் பிள்ளையின் வாயால் கேட்போம். வாக்கியங்களை நம் மலையிலிருந்தே எடுப்போம். ஆழியாற்றிலிருந்து மேலே வரும் 40 வளைவுகளைக் கொண்டை ஊசி வளைவுகள் என்கிறோம். 'ஹேர்பின்' என்னும் அச்சொல்லில் இருப்பது எச்–ஏ–ஐ–ஆர், அதாவது கூந்தல்; எச்–ஏ–ஆர்–ஈ என்று எழுதினால் முயல் பாதையில் குதித்துவிடும். புதுத்தோட்டத்துச் சிங்கவால் குரங்கின் வால் டீ–ஏ–ஐ–எல். அதைப் பற்றி நீங்கள் வீட்டில் சொல்லும் கதை டீ–ஏ–எல்–ஈ. மூடுபனி எம்–ஐ–எஸ்–டீ, அந்தப் பனியில் பஸ்ஸைத் தவறவிட்டதோ எம்–ஐ–எஸ்–எஸ்–ஈ–டி. சோலையாற்று அணைக்கு டி–ஏ–எம் போதும். கடைசியில் ஓர் என் எழுத்தைச் சேர்த்தால் சாபமாகிவிடும், அருட்சகோதரிகள் வருந்துவார்கள்! பிழை கண்டால் சிவப்பு மையால் வெட்டிவிடாமல், அருகே ஒரு கேள்விக்குறி இடுவோம். திருத்தும் மகிழ்ச்சி பிள்ளைக்கே கிடைக்கட்டும்.

இரண்டாவதாக, பெற்றோர்களுக்கு. 'எங்களுக்கு இங்கிலீஷ் தெரியாதே டீச்சர், நாங்க எப்படிச் சொல்லித் தர்றது?' என்று பல தாய்மார் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அம்மா, இந்தப் பாடத்துக்கு உங்களுக்கு ஆங்கிலம் தேவையில்லை. மகள் எழுதியதைப் படிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு வரிக்கும் 'அப்படின்னா என்ன கண்ணு?' என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு விடை தேடும்போது அவளே தன் பிழையைக் கண்டுபிடிப்பாள். அதோடு, வீட்டில் பழத்தைப் பழம் என்றும் மழையை மழை என்றும் வாயாரச் சொல்லுங்கள். தமிழைச் செம்மையாகக் கேட்டு வளரும் காது பிற மொழியையும் செம்மையாகக் கேட்கும் என்பதை வகுப்பறையில் நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

மூன்றாவதாக, மாணவிகளே, உங்களுக்கு. ஒரு சிறிய நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். மயங்கும் சொல்லைத் தனியாக எழுதாதீர்கள். அதன் உறவினரோடு சேர்த்து எழுதுங்கள். கேட்பதைக் குறிக்கும் 'ஹியர்' என்னும் சொல்லுக்குள் காதாகிய 'இயர்' இருக்கிறது. இங்கே என்னும் 'ஹியர்' அங்கே, எங்கே என்னும் ஆங்கிலச் சொற்களுக்குள் முழுமையாக அமர்ந்திருக்கிறது. எடையும் எடை போடுதலும் ஒரே குடும்பம். இரண்டிலும் அதே ஜி–எச். குடும்பம் தெரிந்தால் ஆளை மறக்க முடியாது. கைப்பேசியும் கணினியும் பிழையைத் திருத்திவிடும் என்று சோம்பி இருந்துவிடாதீர்கள். இல்லாத சொல்லை எழுதினால் இயந்திரம் எளிதில் காட்டிக்கொடுக்கும். ஒரு நல்ல சொல்லின் இடத்தில் மற்றொரு நல்ல சொல் வந்து உட்கார்ந்தால் பல நேரங்களில் அதுவும் ஏமாந்து போகும். நீங்கள் சொல்ல நினைத்த பொருளை உங்களைவிட நன்றாக அறிந்தவர் யார்?

எல்லாவற்றுக்கும் மேலாக, பக்கத்தில் இருப்பவள் பிழை செய்தால் சிரிக்காதீர்கள். விடுமுறைக் கடிதத்தில் 'டியர்' என்னும் விளிக்கு மானைக் குறிக்கும் 'டியர்' எழுதிவிட்டால், மனத்துக்குள் ஒரு மான் ஓடட்டும். அவள் முகத்துக்கு நேரே ஓட வேண்டாம். தவறாக எழுதியவளைத் திருத்திவிடலாம். எழுதவே அஞ்சியவளைத் திருத்துவது எப்படி?

முடிவாக, என்னை வியக்கவைத்த ஒரு பொருத்தத்தைச் சொல்லி விடைபெறுகிறேன். நம் மலையில் இருட்டிய பிறகு சிறுத்தை நடமாடும். அது தேடுவது இரை. அதே வேளையில் நாம் விளக்கேற்றி முழந்தாளிட்டு நாடுவது இறை. ஓர் எழுத்துதான் வேறுபாடு. ஆங்கிலத்தில் பி–ஆர்–ஏ–ஒய் என்றால் செபிப்பது. பி–ஆர்–ஈ–ஒய் என்றால் இரை அல்லது இரை தேடுவது. அங்கும் ஓர் எழுத்துதான் வேறுபாடு! ஒன்றோடொன்று உறவில்லாத இரண்டு மொழிகள், எப்படியோ தற்செயலாக, ஒரே இடத்தில் நம்மை நிறுத்தி எச்சரிக்கின்றன.

ஒரு பிழையைக் கண்டதும் அதைச் செய்த பிள்ளையின் மேல் பாய்வதும் ஒருவகையில் இரை தேடுவதுதான். அன்று ஏழாம் வகுப்பில் நான் செய்தது அதுவே. இனி, சிவப்புப் பேனாவைத் திறக்கும்போதெல்லாம், தூறலில் எடைக்காகக் காத்து நின்ற அந்தத் தாயை நினைத்துக்கொள்வேன். அவள் மகளுக்கும் கற்க நேரம் வேண்டும். நாமும் சற்றுக் காத்திருப்போம்.